வானத்து நாலு பேர்

எங்கள் அண்ணன் வீட்டு முன்னறையில், முருகன் படத்துக்கும் தினசரி நாட்காட்டிக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்குகிறது. தாள் முழுக்கப் பச்சைப் பசேலென்று மலைக்காடு. அதற்குள் நாற்பத்திரண்டு சிவப்புப் புள்ளிகள், அவற்றைக் கோத்துக்கொண்டு போகும் ஒரு நீலக்கோடு. அடியில் ‘பாசன வாய்க்கால் மடைகள்’ என்று தலைப்பு. படம் தப்பு. அந்தக் காட்டில் வாய்க்காலும் இல்லை, மடையும் இல்லை, மடை திறக்க ஆளும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பியைக் கையில் வாங்கியதும் இதென்ன படம் என்று கேட்பார்கள். அண்ணன் என்னைக் காட்டுவான். நான் மைனியைக் காட்டுவேன். மைனி, “அது பெரிய கதை, காப்பி ஆறிரும், குடிங்க” என்பாள். அந்தப் பெரிய கதையை ஒருமுறையாவது நானே முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். எங்கள் மைனிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆறு கடலை நெருங்கும் ஏரல் பக்கத்திலிருந்து, அதே ஆற்றில் மேலே இருக்கும் முக்கூடல் பக்கம் வாழ வந்தவள். “எல்லாரும் தண்ணியோட போவாவ, நான் தண்ணிய எதுத்து வந்தவ” என்று தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வாள். ஆற்றின் கடைசியில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி ஒரு தனி அறிவு உண்டு. மேலே இருப்பவனுக்குத் தண்ணீர் வரும். கீழே இருப்பவனுக்கு, ‘தண்ணீர் வரும்’ என்று சொல்வார்கள். அந்த வித்தியாசம் தெரிந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் பீடி சுற்றினாள், நடவுக் காலத்தில் வயலுக்குப் போனாள். பேச்சு மட்டும் எந்த வேலைக்கு நடுவிலும் நின்றதில்லை. அவள் சொல்வதை எல்லாம் நான் என் கடையில் வீணாய்ப் போன அச்சுத்தாள்களின் பின்பக்கம் குறித்து வைப்பேன். கடை என்றால் முக்கூடல் கடைத்தெருவில் ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கணினியை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, எது கெடுகிறது எது நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்தக் கதையில் அந்தக் கர்வத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எல்லோர் கைபேசியிலும் வரைபடம் வந்துவிடாத காலம் அது. வாய்க்கால் மடைகளைச் செப்பனிட ஒரு திட்டம் வந்தது. எந்த மடை எங்கே இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலில் ஏறிய மடைக்குத்தான் சிமெண்டும், தண்ணீரை அடைக்கும் பலகையும். அந்தந்த ஊர் மகளிர் குழுவிலிருந்து ஒருத்தி வாய்க்கால் கரையோடு நடந்து குறித்து வர வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் மற்றவர்கள் தயங்க, மைனி போய்ப் பெயர் கொடுத்தாள். திட்டத்தின் பொறியாளர் அவளிடம் கையடக்கமான ஒரு ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்தார். துணிச் சோப்புக் கட்டி அளவு, சாம்பல் நிறம், வயிற்றுக்குள் இரண்டு பென்சில் செல். மடைக்கு நேராக நிற்க வேண்டும், திரையில் எண்கள் நடுங்காமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், அந்த எண்களை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

அது எப்படி வேலை செய்கிறது என்று பொறியாளர் சொன்னதில், வானத்தில் குறைந்தது நாலு செயற்கைக்கோளாவது அந்தக் கருவிக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டும் மைனி மனதில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது. மருத மரத்து நிழலில் நின்றால் எண் வராது. வெயிலுக்கு வந்து, கருவியை உள்ளங்கையில் ஏந்தி, தலைச்சுமையோடு நிற்பவளைப் போல அசையாமல் நிற்பாள். வயலில் களை எடுக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். “என்னக்கா, வானத்துக்குப் போன் போடுதியளோ? எங்க வீட்டுக்காரரு மேலதான் இருக்காரு, ரேசன் கார்டை எங்கன வச்சாருன்னு கேட்டுச் சொல்லுங்க” என்று ஒருத்தி கத்தினாள். மைனி அசையவில்லை. அமுக்கி எழுதி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள். “மேல நாலு பேரு பாக்கணும்ளா. நாலு பேரு பாத்தாத்தான் நாம எங்கன நிக்கோம்னு இது சொல்லும்.” அன்றிலிருந்து அவள் வாயில் செயற்கைக்கோள் என்ற சொல்லே வரவில்லை. “இன்னும் மூணு பேருதான் வந்திருக்காவ, பைய நில்லுங்க” என்பாள், நான் கூடப் போன ஒருநாள் என்னிடம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்தே ஒரு பெண்ணை வளர்க்கிற ஊரில், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒருத்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றதை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஆறு நாள் நடந்து நாற்பத்திரண்டு மடைகளையும் எழுதி முடித்து நோட்டை என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். எக்செல் தாளில் ஏற்றி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. அவள் எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். முதலில் எட்டு, அதன் தலையில் குட்டி வட்டம், அப்புறம் நாற்பத்துமூன்று, ஒரு புள்ளி, பின்னால் மூன்று எண்கள், கடைசி எண்ணின் தலைக்கு மேல் துளிபோல ஒரு சிறு கோடு. ஒரு பக்கத்தில்கூட அந்தத் துளி விட்டுப்போகவில்லை. “இது எதுக்கு மைனி, இவ்வளவு மெனக்கெட்டு?” என்றேன். “மிஷின்ல போட்டிருக்கானே தம்பி. சும்மாவா போட்டிருப்பான்?” என்றாள்.

நான் சிரித்துக்கொண்டேன். எக்செல் தாளின் கட்டம் அந்தத் துளியை ஏற்கவில்லை, வட்டத்தையும் ஏற்கவில்லை, ஒரே ஒரு புள்ளி வைத்த எண்ணைத்தான் ஏற்றது. எனக்கா தெரியாது? எட்டுக்குப் பின்னால் புள்ளியை வைத்து மற்ற எண்களை வரிசையாகச் சேர்த்துத் தட்டினேன். 8.43512. எட்டேமுக்காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதை எட்டரைக்கும் கீழே இறக்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. மணிக்கு அறுபது நிமிடம் என்று தெரிந்த எனக்கு, பூமியைப் பங்கு வைத்த பாகைக்கும் அறுபது நிமிடம் என்றும், அந்தத் துளி நிமிடத்தின் அடையாளம் என்றும் தெரியாது. நாற்பத்திரண்டு வரியையும் அப்படியே ஏற்றி, அனுப்பு என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பத்து நாள் கழித்துத் திருநெல்வேலி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் மைனியும் நோட்டையும் கருவியையும் எடுத்துக்கொண்டு போனோம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த குழுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் மோசமான மனிதர் அல்ல. வேலை மூச்சு முட்டுகிற மனிதர். மேசைமேல் ஒரு பெரிய அச்சுத்தாளை விரித்தார். “உங்க மடை நாப்பத்திரெண்டும் மலை மேல இருக்கும்மா, அதுவும் பக்கத்து ஜில்லாவுல. தண்ணி மலை ஏறியா பாயுது?” என்றார். சுவரோரம் சிரிப்பு எழுந்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. “நடக்காம வீட்டுல உக்காந்து எண் எழுதிக் கொடுத்தா இப்படித்தான் ஆகும். கருவியை வச்சுட்டுப் போங்க. உங்க ஊரை இந்தப் பட்டியல்ல சேக்க முடியாது. பொய்ப் பதிவுன்னு குழுவுக்கு எழுதப் போறேன்.”

அந்த எழுத்து ஊருக்கு வந்திருந்தால் மைனி என்னவாகியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வயல் காய்ந்தவன் ஒவ்வொருவனும் அவள் பெயரைச் சொல்லித்தான் காறித் துப்பியிருப்பான். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு முதல் புள்ளியில் விரலை வைத்து, நீலக்கோட்டின் மேல் பைய நகர்த்தினாள். கரையில் நடப்பதுபோலவே, வளைவு வந்த இடத்தில் வளைந்து, நீண்ட இடத்தில் நீண்டு.

“சார், இது எங்க வாய்க்கால்தான்” என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை. “இது தலைமடை. மூணு மடை நேரா வரும். இந்தா, சுடலைமாடன் கோயில், அதச் சுத்தி முழங்கை மாதிரி மடங்குது பாருங்க. இது பூரா நான் நடந்த நடைதான். யாரோ அப்படியே தூக்கிக் கொண்டுபோயி மலையில வச்சிருக்காவ. கொஞ்சம் சுருங்கியும் கெடக்கு.”

பொறியாளர், “அம்மா, எல்லா வாய்க்காலும் வளையத்தான் செய்யும்” என்றார்.

“சரி சார். பதினோராவது புள்ளி மட்டும் ஏன் வரிசைய விட்டு வெலகி நிக்கி?” அவர் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வரிசையாக வந்த புள்ளிகளில் ஒன்று மட்டும் தெற்கே தள்ளி நின்றது. “அங்கன ஒரு நாய் நின்னுச்சு சார். குட்டி போட்ட நாயி. மடைகிட்ட விடல. அறுபது தப்படி தள்ளி நின்னுதான் அமுக்குனேன். நோட்டுல எழுதியிருக்கேன். வீட்டுல உக்காந்து எழுதுதவளுக்கு நாயி எங்கன இருந்து சார் வரும்? வானத்துல நாலு பேரு பாக்கத்தான் நான் ஒவ்வொரு மடையிலயும் நின்னேன். இங்கன உக்காந்து சிரிக்கவியளுக்குத் தெரியாது. அந்த நாலு பேருக்குத் தெரியும்.”

பொறியாளர் நோட்டைக் கேட்டார். அதுவரை அவர் அதைப் பார்த்திருக்கவில்லை, நான் அனுப்பிய எக்செல் தாளைத்தான் பார்த்திருந்தார். பதினோராவது மடைக்கு நேரே குண்டெழுத்தில் இருந்தது: ‘நாய். குட்டி போட்டிருக்கு. அறுபது தப்படி தெற்கே நின்றேன்.’ அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அவர் விரல் எண்களுக்குப் போனது, எண்ணின் தலைமேல் இருந்த துளியில் போய் நின்றது. என் தாளை இழுத்து ஒப்பிட்டார். “இந்தக் கோடு இதுல எங்க போச்சு?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைனி முந்திக்கொண்டாள். “யாரு விட்டாங்கறது வேண்டாம் சார். எங்கன விட்டுப்போச்சுங்கறத மட்டும் பாருங்க.” என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நோட்டைக் கொடுத்தவள் அவள், தட்டியவன் நான். யார் என்பது அவளுக்கு அப்போதே விளங்கியிருக்கும். அவள் அப்படி என்னை மறைத்துக்கொண்டு நின்ற பிறகும் சும்மா இருந்தால் நான் மனிதனே இல்லை. “நான்தான் சார். துளி வேண்டாம்னு விட்டுட்டேன்” என்றேன். பொறியாளர் ஒரு மடையின் நிமிடத்தை அறுபதால் வகுத்து எண்ணைத் திருத்தினார். மலையில் நின்ற ஒரு புள்ளி, எங்கள் ஊர் வயலுக்கு நடுவே வந்து இறங்கியது. அடுத்ததும் வந்தது. அவர் எழுந்து தன் நாற்காலியை மைனி பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னார். “நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்க” என்றார், முன்பு பேசிய அதே சத்தத்தில், எல்லோரும் கேட்கும்படி. பிறகு சுவரோரம் இருந்த பெண்களிடம் நோட்டைத் தூக்கிக் காட்டி, “எழுதினா இப்படி எழுதுங்க. நாய் நின்னா நாய்னு எழுதுங்க” என்றார்.

மைனி உட்காரவில்லை. மலைமேல் வாய்க்கால் ஓடிய அந்தத் தாளைக் காட்டி, “இது ஒங்களுக்கு வேண்டாம்லா? நான் எடுத்துக்கிடட்டா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது பேருந்தில் சேரன்மகாதேவி தாண்டியதும் அவளே என் தோளைத் தட்டி, “ஒரு துளிய முழுங்கிட்டு ஒரு வாய்க்காலயே மலை ஏத்திப்புட்டியளே தம்பி. பெரிய ஆளுதான்” என்றாள். அவள் அதை அப்புறம் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. எனக்கு மட்டும் இன்றைக்கும் எண்களில் ஒரு சின்னக் கோட்டைக் கண்டால் கை நின்றுவிடும். யாராவது வந்து, இதெல்லாம் எதற்கு, விட்டுவிடுங்கள் என்றால், சும்மாவா போட்டிருப்பான் என்று சொல்வேன்.

மறுவாரமே மைனி பதினோராவது மடைக்குத் திரும்பப் போனாள். குட்டிகளும் தாயும் இடம் மாறியிருந்தன. மடைக்கு நேராக நின்று, நாலு பேரையும் வரவழைத்து, சரியாகக் குறித்து வந்தாள். எங்கள் ஊர் பட்டியலில் ஏறியது. கடைசி மடைவரைக்கும் புதுப் பலகை வந்தது. சரியான வரைபடத்தையும் நான் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள், நல்லாயிருக்கு என்றாள், குழு அலுவலகத்தில் மாட்டக் கொடுத்துவிட்டாள்.

போன மாதம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் படத்தின் முன்னால் நின்று, கைபேசியில் எங்கள் வாய்க்காலைத் தேடி எடுத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அத்தை, இந்தப் படம் தப்பா இருக்கே. சரியானதே போன்ல இருக்கு, இதையா மாட்டி வச்சிருக்கிய?” என்றார். மைனி காப்பித் தட்டோடு வந்தாள். “தப்புதான்” என்றாள். அண்ணனைக் கேட்கவில்லை, என்னையும் காட்டவில்லை. தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் கண்ணாடிமேல் பதினோராவது புள்ளியைத் தொட்டாள்.

“ஆனா ஒங்க போன்ல நாயி இருக்கா, பாருங்க.”