லாஸ்யாவின் நடை

சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கும் மோகன்குமாரின் மனைவி கீதாவுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டால் கால் தரையில் பாவாது. காப்பி வருவதற்கு முன்பே மகள் லாஸ்யா கூடத்துக்கு வந்துவிடுவாள். “நடந்து காட்டு கண்ணு” என்று கீதா சொன்னால் போதும். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, வாத்து மாதிரி ஆடி ஆடி நடப்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரசிக்கத் தெரிந்த அளவுக்குச் சந்தேகப்படத் தெரியாது. வலிக்கிறது என்று குழந்தையும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

இரண்டரை வயதில் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில், கோயமுத்தூர் டாக்டர் மட்டும் அந்த நடைக்குச் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார். பிறந்ததிலிருந்தே இடது தொடை எலும்பு இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை என்றார். கைக்குழந்தையிலேயே தெரிந்திருந்தால் ஒரு பெல்ட்டைக் கட்டியே சரிசெய்திருக்கலாம், இனி ஆபரேஷன்தான், அதிலும் சரியாகாவிட்டால் காலம் பூராவும் இப்படித்தான் நடப்பாள் என்றார். மோகன்குமார் அங்கேயே அழுதுவிட்டார். கீதாவுக்கு அழுகை வரவில்லை. திரும்பும் வழியில் மறக்காமல் தக்காளி வாங்கினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மார்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கால்கள் அகன்றிருந்ததால் வாசற்படியில் பக்கவாட்டில்தான் தூக்கிப்போக முடியும். மூன்று மாதமும் கீதா ஊட்டினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்கவைத்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரி என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். கல்கூட வெயிலில் சுடும். இவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

கட்டைப் பிரித்த பிறகு சில வாரம் வாக்கரைப் பிடித்து நடந்தாள் லாஸ்யா. பிடிக்காமல் நடக்கவிடுவது டாக்டர் முன்னால்தான் என்று பேச்சு. அதற்காகப் போன அன்றைக்குப் புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது, விடுங்கள் என்றார்.

லாஸ்யா வாக்கரை விட்டாள். இடுப்பைச் சாய்த்தாள். ஆடி ஆடி நடந்தாள், அதே பழைய நடை.

டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தார். மோகன்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கீதா நின்ற இடத்திலேயே நின்றாள். பாதி வழியில் லாஸ்யா நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“ஏம்மா, ஆருமே சிரிக்கல?”

கீதாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“ஆரும் சிரிக்க வேண்டாங் கண்ணு. சும்மா நடந்து வா, போதும்.”

லாஸ்யா யோசித்தாள். பிறகு நேராக நடந்து வந்தாள். தப்பு செய்துவிட்டவள் போல முகம் சுண்டிப்போயிருந்தது.