தங்கையின் பெயரில் இன்னொருத்தி முகம்

என் தங்கை இறந்து காரியமும் முடிந்த பிறகு, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவளுடைய அடுத்த வீட்டுக்காரி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். இருவரும் பல காலம் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ஒருநாள் தங்கையின் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் கைபேசியோடு வந்து வழிமறித்தாள்.

"அண்ணே, நீங்க கச்சேரி ஆபிசுல சாவு பதிஞ்ச ஆளு. இதப் பாத்து சொல்லுங்க. நா செத்துட்டேனா?"

திரையில் அவள் முகம். கூடையோடு, பல் தெரியச் சிரிக்கும் முகம். படத்தைச் சுற்றி ஒரு மாலை, கீழே எரியும் விளக்கு. அதன் அடியில் என் தங்கையின் பெயரும், காலமானார் என்ற சொல்லும்.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பொதியில் ஒரு சதுரக் குறி அச்சிட்டிருக்கிறார்கள். கைபேசியை அதன்மேல் காட்டினால், எந்த மலை, எந்த நாள், பறித்தவர் யார் என்று படத்தோடு வரும். இதைத் தொடங்கிவைக்க ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற அரச அலுவலர் ஒருவர் முன்வரிசையில் இருந்தால் கூட்டத்துக்குக் கனம் வரும் என்று யாரோ நம்பியதால் நானும் இருந்தேன். இதற்குப் பெயர் பிளாக்செயின் என்றார்கள். விவரம் ஓர் அலுவலகத்தில் இருக்காது. பல நாடுகளில் பல கணினிகளில் ஒரே பிரதி இருக்கும். ஒருவர் தன் பிரதியில் கைவைத்தால் மற்றவை அதை ஏற்காது. தலைமை அலுவலகம் கிடையாது, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தேநீர் குடிக்கப் போகிறவரும் கிடையாது. இணையமே இனி இப்படித்தான் ஆகும் என்றார்கள். தலைமை அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருந்தே தலை நரைத்தவன் நான். மனதாரக் கை தட்டினேன்.

பறிப்பவர்களைப் படம் பிடிக்க வந்த அன்று தங்கை நுவரெலியாவுக்கு, கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவளுடைய எண் அட்டை அடுத்த வீட்டுக்காரியின் கழுத்தில் தொங்கியது. ஆள் வராத நாளில் அட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது தோட்டத்தில் சாதாரணம். வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பிடித்தார்கள், போய்விட்டார்கள்.

"அக்கா வந்ததும் சொன்னேன்ணே. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'எம் மூஞ்சியப் பாத்தா வெள்ளக்காரன் தேத்தண்ணியே குடிக்க மாட்டான், ஒம் மூஞ்சியே இருக்கட்டும்டி'ன்னாங்க. நாங்களும் அப்படியே விட்டுட்டோம்."

தங்கை இறந்ததும் தோட்ட அலுவலகம் அதைக் கணினியில் பதிந்தது. மாலையையும் விளக்கையும் கணினி தானே போட்டுக்கொண்டது. மனிதர்கள் மறந்தாலும் அது மறக்காதாம். கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் அடுத்த வீட்டுக்காரியின் மகள் அந்தப் பொதியை அலமாரியில் அடுக்கும்போது விளையாட்டாகக் கைபேசியைக் காட்டியிருக்கிறாள். கடையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அழைத்து அம்மாவின் குரலைக் கேட்டால்தான் அவளுக்கு நிம்மதி.

"அவ போன் அடிக்கிறப்பெல்லாம் 'உசுரோடதான் இருக்கேன்டி'ன்னு சொல்ல வேண்டியிருக்குண்ணே. மாலைக்குள்ள என்னையப் பாத்துட்டேன். கூடையத் தூக்குனா அந்தப் படந்தான் கண்ணுக்குள்ள வருது. மலைக்கு எப்படிப் போறது?"

எங்கள் பக்கத்தில் உயிரோடிருப்பவரின் படத்தைச் சுவரில் தனியாக மாட்டவே யோசிப்பார்கள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லவில்லை. அது எனக்கு வராது. எனக்கு வருவது விண்ணப்பம்.

தோட்ட அலுவலகம் கொழும்பைக் கைகாட்டியது. கொழும்பிலிருந்து, இந்தப் பதிவை நடத்தும் நிறுவனத்துப் பெண் ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையானவள்.

"அழிக்கேலாது ஐயா. அழிக்கேலாது எண்டதுதான் இதின்ர பலமே."

"அழிக்கச் சொல்லவில்லை, பிள்ளை. பிறப்புப் பதிவேட்டிலும் ஓர் எழுத்தைச் சுரண்டக் கூடாது. பிழையை அப்படியே விட்டு, ஓரத்தில் திருத்தம் எழுதி ஒப்பமிடுவோம். உங்கள் இயந்திரத்தில் ஓரம் இருக்கிறதா?"

அவள் சிரித்துவிட்டாள். ஓரம் இருந்தது. புதிய பதிவொன்றைச் சேர்க்கலாம். பொதியைப் பார்ப்பவருக்கு முதலில் அதுதான் தெரியும். பழையது உள்ளே, தேடிப்போகிறவர் கண்ணில் மட்டும் படும். ஆனால் தொழிற்சாலையும் வெளிநாட்டில் வாங்குபவரும் சம்மதிக்க வேண்டும். வாங்குபவர் உடனே சம்மதித்தார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான துரைதான் தயங்கினார். திருத்தம் போட்டால் முதலில் பிழை இருந்தது என்பதும் எல்லா நாட்டிலும் நிரந்தரமாக நிற்குமே என்றார். நம்பிக்கையை வளர்க்கச் செய்த ஏற்பாடு, அந்த நம்பிக்கை கெடாமலிருக்க ஒரு பெண்ணைச் செத்தவளாக வைத்திருக்க விரும்பியது. நான் வாதாடவில்லை. உயிரோடிருப்பவரை இறந்தவராகக் காட்டுவது பற்றி ஒரு கடிதம் எழுதி, பிரதிகள் யார் யாருக்குப் போகும் என்பதை அடியில் வரிசையாகப் போட்டேன். துரை கடிதத்தை மேலோட்டமாகவும் அந்த வரிசையைக் கவனமாகவும் வாசித்தார். சம்மதம் வந்தது.

அவள் உயிரோடிருப்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்றார்கள். அது எனக்குத் தெரிந்த வழி. ஓய்வூதியக்காரன் ஆண்டுதோறும் கிராம சேவகர் முன்னால் போய் நின்று, இன்னும் சாகவில்லை என்று எழுதி வாங்கவேண்டும். இந்த முறை அவளையும் கூட்டிப்போனேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்து, ஒரே நாளில் இரண்டு உயிர் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

கடைசியில் அந்தப் பிள்ளை லயத்துக்கே வந்தாள். தங்கைக்கு அடையாள அட்டைப் படத்தை வைத்தாயிற்று. இனி, தவறாகப் பதியப்பட்டவர் இவர்தான் என்று காட்ட, இவளுடைய பெயரில் இவளையே புதிதாகப் படம் பிடிக்கவேண்டும். கைபேசியை உயர்த்தியதும் அடுத்த வீட்டுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொன்னா? இதையும் அழிக்க முடியாதுல்ல?"

"ஏலாது அக்கா."

"அப்ப, நெசமாவே நா செத்த பொறகு இதுக்கும் மால போடுமா?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. உள்ளதைச் சொல்லும்படி தலையசைத்தேன்.

"ஓம் அக்கா. போடும்."

வெளியே கொழுந்து நிறுக்கப் போகிறவர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே கடந்தார்கள். என் தங்கையின் பூட்டிய கதவை அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இறக்கினாள்.

"போட்டா போடட்டும். அது எனக்கு வர வேண்டிய மால. அக்காவோடத நா ஏன் போட்டுக்கிட்டு நிக்கணும்?"

தலையை வாரிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். வந்து நின்றபோது சிரிக்கவில்லை. சிரிக்கும்படி யாரும் கேட்கவும் இல்லை. படம் எடுத்தாயிற்று. மகளை அழைத்து, "பதிஞ்சாச்சுடி, இனிமே காலையில அடிக்காத, மலையில இருப்பேன்" என்றாள்.