வெர்ஸ்கோவ் கோட்டையின் எழுபத்தொரு படிகள்

இதைப் போலீஸில் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை. நடந்தது அதுதான். எப்படி மாற்றிச் சொல்வேன்?

பொஹீமியாவின் தெற்கே வெர்ஸ்கோவ் கோட்டையில் நானும் என் தம்பி ஹினெக்கும் பதினோரு வருடம் கல்வேலை செய்தோம். ஐந்நூறு வருடத்துக்கு முன்பு ஒரு பிரபு குடும்பத்தோடு வாழ்வதற்காகக் கட்டிய மாளிகை அது. இரண்டு மாடியோடு கட்டட வேலை நின்றுபோனது. மூன்றாவது மாடிக்கென்று போட்ட சுழல்படி மட்டும் கூரைக் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மொத்தம் எழுபத்தொரு படி. தேய்ந்துபோன ஒவ்வொன்றையும் நாங்கள்தான் சரிசெய்தோம்.

நவம்பர் மாதம். குளிர்காலத்துக்காகக் கோட்டையை மூடும் நாள். மதியம் 3.40. மேலே ஒழுகுகிறதா என்று ஒருதரம் பார்க்க வேண்டியிருந்தது.

"நான் போறேன்டா."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா? நீ ஏறி எறங்குறதுக்குள்ள கிறிஸ்மஸே வந்துடும்க்கா. சூப்பை ஊத்தி வை."

சிரித்துக்கொண்டே ஏறினான். நான் முதல் படியில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்த பூண்டு சூப்பை ஊற்றினேன்.

டக்... டக்... டக்... அவனுடைய பூட்ஸ் சத்தம்.

சூப் ஆறிவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

3.52.

"அக்கா... மொத்தம் எத்தனை படி?"

"எழுபத்தொண்ணு. மறந்துட்டியா?"

"நான் இருநூறு எண்ணிட்டேன்."

"விளையாடாதடா. எறங்கி வா."

பூட்ஸ் சத்தம் இன்னும் சில படி நகர்ந்தது. பிறகு...

"எறங்கிக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்."

குரல் இன்னும் மேலே போயிருந்தது.

ஓடினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். எழுபத்தொன்று. கூரைக் கல் தலையில் இடித்தது. யாரும் இல்லை. வேறு வழியும் இல்லை. படியோரச் சின்ன ஜன்னலில் கைதான் நுழையும்.

அந்தக் கல்லுக்கு மேலே... டக்... டக்...

கல்லுக்கு மேலே கூரை ஓடுகளும் வானமும்தான் உண்டு.

"ஹினெக்!"

"அக்கா... எனக்கு மேல யாரோ நடக்குறாங்க. கூப்பிட்டா ஓடுறான்."

சுத்தியலால் கல்லை அடித்தேன். கை கிழிந்தது. கல் அசையவில்லை.

4.20. "விட்டுட்டுப் போயிடாதக்கா."

"போகலடா. இங்கதான் இருக்கேன்."

4.45. அழுதான்.

என்னால் கேட்க மட்டும்தான் முடிந்தது.

5.12. டக்...

அவ்வளவுதான்.

தீயணைப்புக்காரர்கள் கூரையைப் பிரித்தார்கள். ஒரு புறாக்கூடு இருந்தது. என் தம்பி இல்லை. இன்றுவரை இல்லை.

நான்கு மாதம் கழித்து, ஊர்ப் பாதிரியார் ஒரு பழைய ஏட்டைப் படித்துக் காட்டினார். 1497-இல் அந்தப் பிரபுவின் பாதிரியார் எழுதி வைத்தது.

மிகுலாஷ் என்ற கல்தச்சன் அந்தப் படியேறிப் போனான். இறங்கி வரவில்லை. ஒன்பது நாள் அவன் குரல் மட்டும் கேட்டது. நான்காம் நாள் அவன் கத்தியிருக்கிறான்: "எனக்குக் கீழ ஒருத்தன் அழுதுக்கிட்டே வர்றான்! பயமா இருக்கு!"

ஒன்பதாம் நாள் மிகுலாஷின் குரல் அடங்கியது.

பிரபு மாளிகையை விட்டுப் போனது பத்தாம் நாள். காரணமும் எழுதியிருந்தது. மிகுலாஷ் அடங்கிய பிறகும் படியில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

அது தன் அக்காவைக் கூப்பிட்டதாம்.