அளவு ஜாக்கெட்

என்னிடம் துணி கொடுக்க வரும் பெண்கள் கூடவே ஒரு பழைய ஜாக்கெட்டையும் சுருட்டி எடுத்து வருவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அதை விரித்து வைத்து அதன்படி வெட்டிவிடலாம். ஆளைத் தொட்டு அளக்க வேண்டியதில்லை. மலைமேல் தலைச்சோலையில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷினும், துணியில் பூ போடும் ஆரி வேலைக்கான ஸ்டாண்டும் போட்டு ஆறு வருடமாகிறது. முதல் ஜாக்கெட்டை அம்மாவுக்குத்தான் தைத்தேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள் அவள். "எம்புள்ள தெச்சது" என்று தோட்டம் முழுக்கக் காட்டி எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

போன வருடம் அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் அந்த மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ. அப்பா மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். இந்த மலையின் வளைவெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் அம்மாவைக் கூட்டிப்போகும் நாளில் பஸ்ஸில்தான் போவார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் தலையைப் பிடிக்க முடியாதே.

கீமோ போட்டு வந்த நாட்களில் அம்மாவுக்குப் படுக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. ஆரி ஸ்டாண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "அந்த ஊசி மேலயுங் கீழயும் போறதப் பாத்துட்டிருந்தா வாந்தி நெனப்பே வர்றதில்ல கண்ணு" என்றாள். அவள் உட்கார்ந்தாள் என்று அப்பாவும் உட்கார்ந்தார். கியர் போட்டுக் காய்த்துப்போன விரல்களால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடுகளவு மணிகளை எனக்கு நூலில் கோத்துக் கொடுப்பார். தம்பி மட்டும் வேலை செய்யமாட்டான். கீழே சிந்திய மணியைப் பொறுக்குகிறேன் என்று இன்னும் நாலைச் சிந்திவிட்டுப் போவான். அந்த ஸ்டாண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்குப் பயம் இருந்ததில்லை. அதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கீமோ முடிந்த கையோடு தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாரமங்கலத்துப் பெண். மாப்பிள்ளையின் அம்மா மேடையில் நிற்க வேண்டுமே என்று எங்கள் வீட்டில் ஆளாளுக்கு யோசித்தோம். அம்மா பழைய ஜாக்கெட்டின் இடது பக்கத்தில் துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். மேடு ஏறினால் அது கழுத்துக்கு வந்துவிடும். "கனம் பத்தல" என்று தீர்ப்புச் சொன்ன அப்பா, சின்னப் பையில் மிளகு நிரப்பிக் கட்டிக் கொடுத்தார். கனம் சரியாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒருநாள் சந்தைக்குப் போக அப்பாவின் ஜீப்பிலேயே அம்மா ஏறினாள். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "ஏனுங்க டிரைவரு, மொளகு மூட்டை ஏத்தியிருக்கீங்களா? வாசம் நொம்பத் தூக்குதுங்களே" என்று கேட்டுவிட்டார்.

அம்மா அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். "நான் கல்யாணத்துக்கு வரமாட்டனுங்க. நீங்களே நின்னு நடத்துங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. எனக்கு வாயைவிடக் கை நன்றாகப் பேசும். அவளுக்கென்று அரக்குப் பட்டுத் துணி வாங்கி, ஸ்டாண்டில் கட்டி, கைப்பகுதியில் பூ போட ஆரம்பித்தேன். கைக்கு உடம்பளவு வேண்டியதில்லை. இரண்டு நாள் பார்க்காத மாதிரி இருந்தவள் மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தாள்.

"என்ன பூ இது?"

"காப்பிப்பூம்மா."

"நாலு எதழு போட்டிருக்கற? அஞ்சு கண்ணு. அதும் இப்பிடித் தனியா நிக்காது. கணுவுக்குக் கணு கொத்தாத்தான் பூக்கும். தோட்டத்துல பொறந்து வளந்த புள்ள பண்ற வேலையா இது?"

பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கொத்துக்கும் இடம் காட்டினாள். கை முடிந்தது. முன்பக்கம் வெட்ட வேண்டும். அதற்கு அளவு வேண்டும். அளவு ஜாக்கெட் இனி உதவாது. டேப்பை எடுத்தாலே அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடத்தை மகளான எனக்குக்கூடக் காட்டியதே இல்லை.

"நான் அளக்கறேன், குடு" என்று அப்பா டேப்பை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கத்தினார்.

"எழுதிக்க சாமி! எம்பத்தி ஒண்ணு!"

டேப்பில் இஞ்ச் ஒரு பக்கம், சென்டிமீட்டர் ஒரு பக்கம். அவர் சென்டிமீட்டரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் விட மனசில்லை.

"அப்பா, அளந்தது அம்மாவையா, ஜீப்பையாங்க?"

உள்ளே அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து கேட்காத சிரிப்பு. மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தாள். பிறகு, "உங்களால ஆவாதுங்க, போங்க அந்தப் பக்கம். கண்ணு, நீயே வந்து எடு" என்றாள்.

போனேன். சேலையை விலக்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள். இடது பக்கம் தட்டையாக இருந்தது. குறுக்கே ஒரு நீளத் தழும்பு.

"தையல் எப்பிடி இருக்குது? நீதான் சொல்லோணும்."

"நேராத்தான் போட்டிருக்காங்கம்மா. ஓரத்துல மட்டும் கொஞ்சம் சுருக்கம்."

"நீ போட்டிருந்தா சுருக்கம் விழுந்திருக்காது" என்றாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், அழுதுவிட்டேன். அவளே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். என் நோட்டில் முன்பக்கத்துக்கு எல்லோருக்கும் ஒரே எண்தான். அன்று அம்மாவுக்கு மட்டும் வலது, இடது என்று இரண்டு எழுதினேன். பையும் இல்லை, பஞ்சும் இல்லை. அவள் எப்படி இருந்தாளோ அப்படியே வெட்டினேன்.

கல்யாண மேடையில் அம்மா கடைசிவரை நின்றாள். ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. பெண் வீட்டாரில் ஒருத்தி, "ஏனுங்க, இது என்ன பூவுங்க? நொம்ப நல்லாருக்குது" என்றாள். அம்மா இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை அவ்வளவு உயரம் எழும்பியதே இல்லை. "காப்பிப்பூவுங்க. அஞ்சு எதழு. எம்புள்ள தெச்சது." மேடைக்குக் கீழே நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். லேசான வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறை வாசலில் வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்ற அம்மா, மிஷின் மேல் மூன்று சாதாரணத் துணியை வைத்தாள்.

"தோட்டத்துக்குப் போட்டுட்டுப் போறதுக்குச் சாமி. பூவெல்லாம் வேண்டாம்."

"அளவு?" என்றேன், பழக்கத்தில்.

கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த அரக்குப் பட்டு ஜாக்கெட்டை எடுத்து மேலே வைத்தாள்.

"இனிமே இதுதான்."