தண்ணி ஆசிட்

ராஜேஸ்வரி டீச்சர் பஸ் ஏறப் போன பிறகும் பாதி வழியில் திரும்பி வருவார். ஆய்வகத்தின் கேஸ் குழாயை மூடினோமா, அமில அலமாரியைப் பூட்டினோமா என்று மனசு அரிக்கும். பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். அந்தப் பூட்டுக்கே வலிக்குமுங்க என்று அட்டெண்டர் ஐயாக்கண்ணு கேலி பேசுவார்.

மலைமேல் கரடியூரில் காப்பியும் மிளகும் பயிரிட்ட குடும்பம் அவருடையது. சேலத்துக்குப் போய் நிலவியல் படித்தபோது, காலுக்கடியில் கிடக்கிற கல்லைப் படிக்க காலேஜா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவியல் டீச்சர். கல்லின் வயதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பயம் இருக்காது.

பிள்ளைகளுக்கு ‘நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ வாயில் நுழையவில்லை. ஒரு நாள் டீச்சரே தண்ணி கலந்த ஆசிட் என்று சொல்லிவைக்க, அது வகுப்பில் ‘தண்ணி ஆசிட்’ ஆகிவிட்டது. புரிகிற பெயராகவே இருக்கட்டும் என்று புட்டியிலும் அதையே எழுதி ஒட்டினார். மேல் வரியில் தண்ணி, கீழ் வரியில் ஆசிட்.

பனி இறங்கும் மாதங்களில் ஏற்காட்டில் எந்தப் பசையும் பிடிக்காது. சீட்டின் கீழ்ப்பாதி சுருண்டு, எப்போதோ உதிர்ந்துவிட்டது.

அன்று ஒன்பதாம் வகுப்புக்குச் சுண்ணாம்புக்கல்லையும் வெள்ளைக்கல்லையும் பிரித்தறியும் பாடம். இரண்டும் பார்வைக்கு வெள்ளைதான். அமிலச் சொட்டு பட்டதும் சுண்ணாம்புக்கல் பொங்கும். மலையடிவாரத்தில் வெட்டுகிற வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், லேசில் பொங்காது. மூடுபனியில் பாதுகாப்புக் கண்ணாடி ஆவி பூத்ததால் கௌரி அதை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். பக்கத்தில் மலர் சுத்தியலால் கல்லைத் தட்ட, தூள் பறந்து கௌரியின் வலது கண்ணில் விழுந்தது. பதறிப்போன மலர் கைக்கெட்டிய புட்டியைத் தூக்கிக் கண்ணில் ஊற்றினாள். அதில் தண்ணி என்றுதான் எழுதியிருந்தது.

அலறல் கேட்டுத் திரும்பிய டீச்சர் முதலில் பார்த்தது அந்தப் பாதிச் சீட்டைத்தான்.

கௌரியைக் குழாயடிக்கு இழுத்துப் போய், வலது கண் கீழே வரும்படி தலையைச் சாய்த்துப் பிடித்தார். இமை இறுக மூடிக்கொண்டது.

“கண்ணு, கண்ண மூடாத சாமி. எரிஞ்சாலும் தொறந்து வையி.”

விரலால் இமையைப் பிரித்துத் தண்ணீரை ஓடவிட்டார். ஐயாக்கண்ணு விளக்கெண்ணெய் விடலாமுங்களே என்றார். வேண்டாம், ஒன்றும் விடக்கூடாது, வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று டீச்சர் சொன்னார். தலைமையாசிரியர் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு, கிளம்பலாம், கிளம்பலாம் என்று நச்சரித்தார். அமிலத்தை முழுக்கக் கழுவும்வரை நகரக்கூடாது என்று படித்தது டீச்சருக்கு நினைவிருந்தது. ஆனால் படித்தது சரிதானா? குழாய் நூலாக இளைத்தபோது வாளித் தண்ணீரைக் குவளையால் ஊற்றினார். ஊற்றுகிற ஒவ்வொரு குவளையும் இந்தப் பிள்ளையின் பார்வையிலிருந்து மொண்டு எடுத்ததோ என்று மனசு அரித்தது. எரிச்சல் தணிகிறது என்று கௌரி முனகிய பிறகும் கொஞ்ச நேரம் ஊற்றிவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றினார்.

சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு வெள்ளக்கடை எஸ்டேட்டிலிருந்து கௌரியின் அப்பா முனியப்பன் பைக்கில் வந்து சேர்ந்தார். கௌரி உள்ளே இருந்தாள். என்ன ஆச்சுங்க என்று அவர் கேட்டார். மலரின் பெயர் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது.

“புட்டியில தண்ணின்னு எழுதி ஒட்டுனது நானுங்க” என்றார். “அதுல இருந்தது ஆசிட்டுங்க.”

முனியப்பன், “அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. மொதல்ல புள்ளைக்குக் கண்ணு தெரியட்டும்” என்று கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் சோதித்துப் பார்க்கச் சொன்னபடி இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கௌரி வந்தாள். வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. அப்பாவைத் தாண்டி, டீச்சரை மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பார்த்தாள்.

“டீச்சர், செருப்பு எங்கங்க?”

முனியப்பன் சட்டென்று சுவரில் சாய்ந்தார். டீச்சர் குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தார்.