இரத்தமும் குறைவு, பிரஷரும் அதிகம்

முதலில் காதுக்குள்தான் கேட்டது. தேயிலைக் கொழுந்தெடுக்க மலையேறும்போது என் இதயம் அடிப்பது எனக்கே கேட்கும். நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறுவேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. என்னைவிட மூத்தவர்கள் என்னைக் கடந்து போவார்கள்.

"என்னாடி, கார் அனுப்பச் சொல்லவா?" என்று மதினி, என் அண்ணன் மனைவி, மேலேயிருந்து கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மாதவிலக்கு நாள்கணக்கில் நீண்டுகொண்டே போனதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இதே நிலையில் உள்ள ஒரு பெண் வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஹீமோகுளோபின் (இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) மிகக் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து இல்லாததால் வந்த இரத்தசோகை என்றார்கள். இரத்த அழுத்தமோ அதிகம். ஸ்கேன் செய்தபோது கருப்பையில் கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் இரத்தம் போவது அதனால்தான். கருப்பையை எடுத்துவிட வேண்டும். இரத்தம் ஏறி, அழுத்தம் இறங்கினால்தான் மயக்க மருந்து கொடுக்கலாம் என்றார் டொக்டர்.

வீட்டுக்குத் திரும்பும் ஹட்டன் பஸ்ஸில் கணவர் யோசித்துக்கொண்டே வந்தார். "என்னா புள்ள கணக்கு இது? ரத்தமே இல்லைங்கிறாங்க. பொறகு எங்கேருந்து பிரஷர் கூடுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருக்கிற இரத்தத்தையும் குறைத்துவிடுமோ என்று பயந்து, பிரஷர் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டேன். உடம்பு தேறட்டும் என்று கணவர் கருவாடு வாங்கி வந்தார். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஆனாலும் இரத்தம் ஏறவில்லை, அழுத்தம் இறங்கவில்லை என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் திருப்பி அனுப்பினார்கள். இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்த தமிழ் நர்ஸ் மிஸ் என்னைப் பார்த்தார்.

"டொக்டர் கேக்குறாரு, இரும்பு மாத்திரைய நீங்க குடிக்கிறீங்களா, கோழிக்குப் போடுறீங்களா?"

"தெனமும் குடிக்கிறேன் மிஸ்."

"எதுல?"

"தேத்தண்ணியில."

"சாயம் கூடவா?"

"நல்லா சாயமா, கருப்பா. அப்பதான் மாத்திர வாசம் தெரியாது."

அவர் பேனாவை வைத்துவிட்டார். டொக்டரிடம் சொன்னார். டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று மிஸ் விளக்கினார். மாத்திரையைத் தண்ணீரில் குடிக்க வேண்டும். தோடம்பழமோ (ஆரஞ்சு) தேசிக்காய் (எலுமிச்சை) சாறோ கூட இருந்தால் நல்லது. மாத்திரை, சாப்பாடு இரண்டிலிருந்தும் தேத்தண்ணீரைத் தள்ளியே வைக்க வேண்டும்.

"எங்க வீட்லயும் இதே கததான்" என்றார். "தோட்டத்துல பொறந்துட்டு தேத்தண்ணிய கொற சொல்ல முடியுமா?"

அவர் சிரித்ததால் எனக்குத் தைரியம் வந்தது. கணவரின் கேள்வியைக் கேட்டேன்.

"குழாயில தண்ணி கொஞ்சமா வந்தாலும், வாய விரலால அமுக்குனா சீறும்ல? ரத்தக்குழாய் இறுகுனாலும் அப்புடித்தான். பிரஷர் மாத்திர குழாயத்தான் தளத்தும், ரத்தத்தக் கொறைக்காது. உப்பு, கருவாட்டக் கொறைங்க."

பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுவதும் கருவாட்டை விடுவதும் சுலபமாக இருந்தன. தேத்தண்ணீர்தான் கஷ்டம். எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில், ஒரு வீட்டுப் படி ஏறினால் முதலில் கையில் கோப்பைதான் வரும். வேண்டாம் என்றால் அந்த வீட்டை வேண்டாம் என்ற மாதிரி.

"எங்க வீட்டுத் தேத்தண்ணி ஆகாதோ?" மதினியின் முகம் வாடிவிட்டது.

சோறு தின்ற கையோடு குடிக்கக் கூடாது, அப்புறம் வந்து குடிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கட்டி, இரத்தப்போக்கு எல்லாவற்றையும் அன்றுதான் வாய் திறந்து சொன்னேன். அவர் அந்தக் கோப்பையைத் தானே குடித்தார். "இத்தன நாளா மலையில வச்சு உன்னையக் கேலி பண்ணுனேனேடி" என்றார்.

இரத்தம் மெதுவாகத்தான் ஏறியது. அழுத்தமும் இறங்கியது. ஒரு மழைக்காலத்தில் ஒப்பரேஷன் நடந்தது. கண் விழித்தபோது வலியைவிட அமைதிதான் முதலில் தெரிந்தது. காதுக்குள் எந்தச் சத்தமும் இல்லை.

பிரஷர் மாத்திரையை இன்றும் போடுகிறேன். வலியோ மயக்கமோ இல்லாத ஒன்றுக்குத் தினமும் மருந்து குடிப்பது முதலில் விநோதமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. போன மாதம் மதினி வந்து, "கோயில் தேருக்கு வருவியா?" என்று கேட்டார். என் பெருவிரல் தானாகவே மற்ற விரல்களைத் தொட்டு நாள் எண்ணத் தொடங்கியது. பாதியில் நின்றது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லா நாளும் என் நாள்தான்.

"வாறேன் மதினி" என்றேன்.