அவள் சொல்லாத ஒரு வினை

தமிழ், தெலுங்கு, இருளர் பேச்சு ஆகியவற்றின் வினைச்சொற்களை ஒப்பிட்டு, அவற்றின் மூதாதை வடிவங்களை நான் தேடி அலைந்த 1950கள் அவை. மாமல்லபுரம் சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்கிய இருளப் பெண் கன்னியம்மா, வா, போ, தின் எல்லாவற்றையும் தன் பேச்சில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாவுக்கான வினை வந்தது. ‘நான் செத்தேன்’ என்பதைச் சொன்னவள், ‘நீ செத்தாய்’ என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லும்மா! வெறும் வார்த்தைதானே? நாளைக்கு இந்த வினை அட்டவணையை அனுப்பணும்,” என்று அதட்டினேன்.

“இன்னா அண்ணாத்த, உன் மூஞ்சிய பாத்து அத சொல்லுவனா? ஏற்கெனவே ஒட்டடக்குச்சியாட்டம் கீற. வூட்ல புள்ளைங்க காத்துகினு இருக்குமில்ல?”

அந்த வடிவத்தை நானே ஊகித்து எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே அட்டவணை தபாலில் போனது.

என் சாவை வாயால் சொல்லக்கூட மனம் வராத ஒருத்தியை அதட்டினேனே என்று நினைத்தால், இன்றும் என் குரல் தாழ்ந்துவிடுகிறது.